கிரீன்ஸ்பர்க்கை நிலைக்க வைத்த கட்டிடம்

விச்சிட்டாவிலிருந்து 54ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே நூறு மைலுக்குச் சற்று மேல் போனால் வரும் கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூரைப் பற்றி இங்கே அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் யாரிடம் பேச்செடுத்தாலும் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். டொர்னேடோ என்ற சுழற்காற்றில் தரைமட்டமாகி, பசுமை நகரமாக மறுபிறவி எடுத்து, உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் என்பார்கள் சிலர். அத்தனை பணத்தைக் கொட்டியும் போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை, காசைக் கரியாக்கிய சோதனை அது என்பார்கள் மற்றவர்கள். சென்ற ஆண்டு ஒரு விருந்தில், பொறியாளரான நண்பர் ஒருவர் கைபேசியில் மக்கள்தொகைக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த இரண்டாவது கட்சியை வெகுநேரம் வாதாடினார். 2000இல் 1,574 பேர், 2010இல் 777 பேர், 2020இல் 740 பேர். எண்களில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் அவற்றை வைத்து அவர் எட்டிய முடிவு எனக்கு ஒப்பவில்லை. முதல் கட்சியின் புகழுரைகளும் எனக்கு முழுமையாகப் பட்டதில்லை. இரண்டு கட்சியாருமே காற்றாலையைப் பற்றியும் சூரியத் தகடுகளைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். ஊரின் நடுவில் 1914இல் கட்டி, இன்றும் நின்றுகொண்டிருக்கும் ஒரு கட்டிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு நாளாக நாளாக அந்தக் கட்டிடத்தின் மேல்தான் கண் போகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007 மே 4, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணியளவில், ஏறத்தாழ 1.7 மைல் அகலமுள்ள டொர்னேடோ ஒன்று தெற்கிலிருந்து வந்து ஊரின் மேல் ஏறியது. ஊரே அதற்குள் அடங்கிவிட்டது என்பதால் ஒதுங்கித் தப்பிய தெரு என்று எதுவும் பெரிதாக மிஞ்சவில்லை. டொர்னேடோக்களை வகைப்படுத்தும் ஃபுஜிட்டா அளவுகோலின் திருத்திய வடிவம் அமெரிக்காவில் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் உச்ச நிலையான ஐந்து முதன்முதலில் இந்தச் சுழற்காற்றுக்குத்தான் வழங்கப்பட்டது. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அழிந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். எச்சரிக்கைச் சங்கு இருபது நிமிடத்துக்கு முன்பே ஊதியதும், சமவெளிப் பழக்கப்படி வீடுகளுக்கு அடியில் நிலவறை இருந்ததும்தான் அந்த எண்ணிக்கையை அந்த அளவில் நிறுத்தின. மறுநாள் எடுத்த வான்வழிப் படங்களில் நிமிர்ந்து நின்றவை மிகச் சில: கோபுரம் போல் உயர்ந்த தானியக் கிடங்கும், கூரையும் ஜன்னல்களும் சிதைந்தாலும் சுவர் அசையாத, நான் முன்னே சொன்ன 1914ஆம் ஆண்டுக் கட்டிடமும். கயோவா கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) நீதிமன்றம் அது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தொலைக்காட்சிகளில் வந்தது. ஊர் முழுவதும் கூடாரத்தில் கூடிக் கூடிப் பேசியது. மீண்டும் கட்டுவதென்றால் பசுமையாகக் கட்டுவோம் என்று முடிவு செய்தது. 2007 டிசம்பரில் நகர மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: நாலாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட நகரக் கட்டிடங்கள் அனைத்தும் பசுமைக் கட்டிடங்களுக்கான லீட் தரச்சான்றின் உச்சமான பிளாட்டினம் நிலைக்கு ஏற்பக் கட்டப்பட வேண்டும். அமெரிக்காவில் வேறெந்த நகரமும் அதற்கு முன் அப்படித் தீர்மானித்ததில்லை. தெருவிளக்குகள் எல்லாம் எல்.இ.டி. ஆயின. கான்சாஸ் பல்கலைக்கழகத்துக் கட்டிடக்கலை மாணவர்கள் வந்து, டொர்னேடோ தாக்கிய தேதியையே பெயராகக் கொண்ட 5.4.7 கலை மையத்தைக் கட்டினார்கள். மாநிலத்தின் முதல் பிளாட்டினம் கட்டிடம் அது. 2009 பிப்ரவரியில் ஒபாமா நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பேசும்போது ஊரின் பெயரைச் சொன்னார். 2010இல் ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1.25 மெகாவாட், ஆக மொத்தம் பன்னிரண்டரை. ஊரின் தேவையைப் போல் பல மடங்கு. அந்தக் காற்றாலைகள் பூனாவின் சுஸ்லான் நிறுவனத்துடையவை என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட அற்ப மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். முப்பந்தல் கணவாயில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்த அதே பெயர், கோதுமை வயல் நடுவே.

## கிணறும் ரயிலும்

டொர்னேடோவுக்கு முன்பு இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு கிணறு. 1887இல் தொடங்கி 1888இல் முடித்தார்கள். 109 அடி ஆழம், 32 அடி விட்டம். மண்வெட்டி, கடப்பாரை, கப்பி, பீப்பாய் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கூலியாட்கள் தோண்டியது. உலகிலேயே கையால் தோண்டப்பட்ட மிகப் பெரிய கிணறு என்று நெடுங்காலம் விளம்பரம் செய்தார்கள். பாறையைப் பிளந்து இறங்கும் கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணறுகளைப் பார்த்தவர்கள் அந்த விளம்பரத்தை ஒரு புன்னகையோடு கடந்துவிடலாம். இப்போது கிணற்றைச் சுற்றி வட்டமாக ஒரு அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. அதன் நடுவே சுருள் படிக்கட்டில் இறங்கினால், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அடுக்கிய கல் சுவரை எட்டும் தூரத்தில் பார்க்கலாம். கற்கள் ஒரே அளவில் இல்லை. மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்த கற்களை அளவுக்கு ஏற்ப இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். இறங்க இறங்கக் காற்று குளிர்கிறது, அடியில் தண்ணீரில் சில்லறைக் காசுகள் மின்னுகின்றன. மேலே அக்கம்பக்கத்து வயலில் கிடைத்த ஆயிரம் பவுண்டு விண்கல் ஒன்றும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் போவது தெரியாது.

ஆனால் நான் கிணற்றைச் சொல்ல வந்தது வேறு காரணத்துக்காக. ஊர் பிறந்தது 1886இல். அடுத்த ஆண்டே அத்தனை பெரிய கிணற்றைத் தோண்டத் துணிந்தார்கள் என்றால், இரண்டு ரயில் பாதைகளின் நீராவி எஞ்சின்களுக்கும் பெருகப்போகும் நகரத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் வேண்டியிருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த ஆண்டுகளில் மேற்குக் கான்சாஸில் ஊருக்கு ஊர் இதே நம்பிக்கை இருந்தது. ரயில் வரும், ஆட்கள் வருவார்கள், மனை விலை ஏறும். அவற்றில் பெரும்பாலான ஊர்கள் இன்று இல்லை, அல்லது பெயர்ப்பலகையாக மட்டும் இருக்கின்றன. எது நின்றது, எது போனது என்பதற்கு ரயிலை மட்டும் காரணம் காட்ட முடியாது. ரயில் வந்தும் போன ஊர்கள் ஏராளம். அந்தக் கணக்கில் ரயிலுக்கு நிகரான கனமுள்ள இன்னொரு விஷயம் உண்டு. கவுண்டியின் தலைமையிடம் எந்த ஊர் என்பது.

## 432 சதுர மைல்

கான்சாஸில் 105 கவுண்டிகள். புதிதாக அமைக்கும் எந்தக் கவுண்டியும் 432 சதுர மைலுக்குக் குறைவாக இருக்கக்கூடாது என்று மாநில அரசியலமைப்பு சொல்கிறது. குதிரை வண்டியில் காலையில் புறப்பட்ட விவசாயி தலைமையிடத்துக்குப் போய், வேலையை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிற அளவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் நியாயம். நிலப் பத்திரம், சொத்து வரி, வழக்கு, ஷெரிஃப் என்ற காவல் தலைவர், கல்யாண உரிமம் எல்லாம் அந்த ஓர் ஊரில்தான். விவசாயி எந்த ஊருக்குப் பத்திரம் பதியப் போகிறாரோ அங்கேதான் ஆணியும் மாவும் வாங்குவார், அங்கேதான் வங்கிக் கணக்கு வைப்பார். ஆகவே தலைமையிடம் என்ற தகுதிக்காக 1880களில் இந்தச் சமவெளியில் ஊர்கள் துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டன. இது மிகைப்படுத்தல் இல்லை. கிரே கவுண்டியில் 1889 ஜனவரியில், இங்கல்ஸ் ஊர்க்காரர்கள் துப்பாக்கிக்காரர்களை அமர்த்திக்கொண்டு சிமரான் ஊருக்குள் புகுந்து, நீதிமன்றத்துப் பதிவேடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முயன்றார்கள். உயிர்ப் பலியும் ஆனது. ஸ்டீவன்ஸ் கவுண்டியின் தலைமையிடத்துக்கான இதே சண்டையில், 1888 ஜூலையில், வைக்கோல் வயலில் உறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். விச்சிட்டா கவுண்டியில் லியோட்டியும் கொரோனாடோவும் 1887இல் மோதிக்கொண்டன. லியோட்டி வென்றது; இன்றும் அங்கே பள்ளி இருக்கிறது, கடைகள் இருக்கின்றன. கொரோனாடோ இருந்த இடத்தை உள்ளூர்க்காரர் யாராவது காட்டினால்தான் உண்டு.

இவற்றில் எனக்கு மறக்க முடியாதது கார்ஃபீல்டு கவுண்டியின் கதை. ரவானா, எமினென்ஸ் என்று இரண்டு ஊர்கள் தலைமையிடத்துக்காகத் தேர்தலிலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டன. சண்டை முற்றியபோது கவுண்டியின் பரப்பையே அளந்து பார்த்தார்கள். 432 சதுர மைலுக்குச் சற்றே குறைந்தது. சட்டப்படி அப்படி ஒரு கவுண்டியே இருக்க முடியாது என்று தீர்ப்பாகி, 1893இல் அந்த நிலப்பகுதி ஃபின்னி கவுண்டியோடு சேர்க்கப்பட்டது. வென்ற ஊர், தோற்ற ஊர் இரண்டுமே சில ஆண்டுகளில் காலியாயின. அந்த ஊர்களை எந்தச் சுழற்காற்றும் அடிக்கவில்லை. பதிவேடுகள் போனதும் ஆட்களும் போய்விட்டார்கள்.

## வரிசையில் நின்றவர்கள்

நண்பரோடு நடந்த அந்த வாதத்துக்குப் பிறகு, டிசம்பரில் ஒரு வேலை நாளில் கிரீன்ஸ்பர்க் வழியாகப் போக நேர்ந்தது. அருங்காட்சியகத்துக்குப் போகாமல் நேராகக் கவுண்டிக் கட்டிடத்துக்குள் போனேன். கான்சாஸில் சொத்து வரியின் முதல் தவணைக்கு டிசம்பர் 20 கடைசி நாள், இரண்டாம் தவணைக்கு மே 10. நான் போனது கடைசி நாளை ஒட்டி. கருவூலர் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் ஒரு சிறு வரிசை நின்றது. இணையத்திலேயே கட்டலாம், காசோலையைத் தபாலிலும் அனுப்பலாம். ஆனாலும் வந்திருந்தார்கள். வரிசையின் முன்னால் நின்ற முதியவர், மார்புப் பட்டையோடு கூடிய முழு நீளக் கால்சட்டையின் பையிலிருந்து நான்காக மடித்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். ஒரு நிலத்துக்கு ஓர் உறை. உறையின் மேல் பென்சிலில், நிலத்தின் சர்வே எண்ணுக்குப் பதிலாக யாரோ ஒருவரின் பெயர் எழுதியிருந்தது. ஒரு காலத்தில் அந்த நிலத்தை வைத்திருந்தவராக இருக்கலாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பெயரைப் படித்ததுமே கணினியில் எண்ணைத் தட்டினார். வரி முடிந்ததும் முதியவர் பிக்கப் வண்டியின் நம்பர் பிளேட்டுக்கான புதிய ஸ்டிக்கரையும் அதே ஜன்னலில் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் அதே கவுண்டியின் இன்னொரு சிற்றூரான முல்லின்வில்லிலிருந்து வந்திருந்தார். இதை முடித்துக்கொண்டு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கப் போக வேண்டும், டிராக்டருக்கு உதிரிபாகம் ஒன்று வாங்க வேண்டும், நெடுநேரம் நிற்க முடியாது என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு விடை கிடைத்தது அந்த வரிசையில்தான். மருத்துவமனையும் டிராக்டர் கடையும் அந்த ஜன்னலும் ஒரே பயணத்தில் ஒருவருக்குக் கிடைக்கின்றன. நண்பர் காட்டிய 740 என்ற எண்ணில் முல்லின்வில்காரர் இல்லை. அவர் கிரீன்ஸ்பர்க்கில் குடியிருக்கவில்லை; ஆனால் கிரீன்ஸ்பர்க் அவருடைய ஊரும்தான். ஒரு தலைமையிடத்தை அதன் எல்லைக்குள் இரவில் உறங்குபவர்களின் எண்ணிக்கையால் அளப்பது, சந்தைக்கு வருகிறவர்களை விட்டுவிட்டு அங்கே குடியிருக்கும் காவல்காரரை மட்டும் எண்ணுவதைப் போன்றது.

இதைக் கணக்கிலும் பார்க்கலாம். கயோவா கவுண்டியின் பரப்பு 723 சதுர மைல். மக்கள்தொகை 2000இல் 3,278, 2010இல் 2,553, 2020இல் 2,460. டொர்னேடோ அடித்த பத்தாண்டில் தலைமையிடம் பாதியானது உண்மை. அதற்கு அடுத்த பத்தாண்டில் அது இழந்தது 37 பேரைத்தான், நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பத்து மைல் மேற்கே இருக்கும் முல்லின்வில்லை டொர்னேடோ தொடவே இல்லை; அங்கே அதே பத்தாண்டில் 255 பேர் 197 ஆனார்கள், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இழப்பு. ஆள் குறைவதுதான் இந்தச் சமவெளியின் பொதுவான போக்கு. வேளாண் இயந்திரங்கள் பெரிதாகப் பெரிதாக அதே நிலத்துக்குத் தேவைப்படும் குடும்பங்கள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. 1987இல் ஃபிராங்க் பாப்பர், டெபோரா பாப்பர் என்ற பேராசிரியத் தம்பதியர் ஆள் குறைந்துவரும் பகுதிகளைக் காட்டெருமைகளுக்கே திருப்பித் தந்துவிடலாம் என்று எழுதி, இந்தப் பக்கத்து மக்களின் தீராத கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள். இந்தப் போக்குக்கு நடுவே, டொர்னேடோ இல்லாவிட்டாலும் கிரீன்ஸ்பர்க் சிறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். முப்பது ஆண்டுகளில் மெல்ல நடந்திருக்க வேண்டியதன் பெரும்பகுதியை அந்த இரவு ஒரே மூச்சில் நடத்திவிட்டது என்பது என் கணிப்பு. பழைய மலிவான வீட்டுக்குக் கிடைத்த காப்பீட்டுத் தொகையில் புதிய வீடு கட்ட முடியாத முதியவர்கள் பிள்ளைகள் இருக்கும் நகரங்களுக்குப் போனார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்குத் திரும்பி வர வீடே இல்லை.

அப்படியானால் மீதிப்பேர் ஏன் திரும்பினார்கள்? முப்பது மைல் கிழக்கே பிராட் இருக்கிறது. பெரிய ஊர், பெரிய மருத்துவமனை, கடைகள். ஒரு சாதாரண ஊராக இருந்திருந்தால் இடிபாட்டை அப்புறப்படுத்திவிட்டு எல்லோரும் பிராட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கேதான் பேரிடர் உதவியின் விதிகள் வேலை செய்கின்றன. மத்திய அரசின் பேரிடர் நிறுவனமான ஃபீமா, பொதுக் கட்டிடங்களை மறுபடி கட்டுவதில் தகுதியுள்ள செலவில் குறைந்தது முக்கால் பங்கை ஏற்கிறது. தனியார் வீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே பொதுக் கட்டிடங்கள் அதிகம் இருந்த ஊருக்கு உதவியும் அதிகம் வரும். கவுண்டியின் மருத்துவமனை, பள்ளி, நூலகம், வேளாண் விரிவாக்க அலுவலகம் எல்லாம் கிரீன்ஸ்பர்க்கில் இருந்ததற்குக் காரணம் அது தலைமையிடம் என்பதுதான். 2010இல் மருத்துவமனையும் பள்ளியும் திறந்தன. இரண்டுமே பிளாட்டினம் சான்று பெற்றவை. முல்லின்வில்லின் பள்ளி மாவட்டம் பிறகு இந்தப் பள்ளியோடு இணைந்துவிட்டது. செவிலியருக்கும் ஆசிரியருக்கும் ஷெரிஃப் அலுவலகத்துக் காவலருக்கும் பத்திரப் பதிவாளருக்கும் மாதச் சம்பளம் வந்தது; அந்தச் சம்பளத்தை நம்பி மளிகைக் கடை திறந்தது. ஜான் டியர் டிராக்டர் விற்பனையகத்தைக் கவுண்டியின் கணக்கில் எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நடத்துகிறவர்கள் தங்கள் முதலிலேயே திரும்பக் கட்டினார்கள், அதையும் பிளாட்டினம் தரத்தில். ஆனால் அந்தக் கடையின் வாடிக்கையாளர்களும் டிசம்பர் 20க்குள் அந்த ஜன்னலுக்கு வந்தாக வேண்டியவர்கள்.

பசுமைத் திட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாமல் உலகத்தின் கண் இங்கே திரும்பியிருக்காது. நன்கொடையாளர்களும் கட்டிடக் கலைஞர்களும் மாணவர்களும் வந்திருக்க மாட்டார்கள். பனியும் காற்றும் அறையும் இந்த வெளியில், தடித்த சுவரும் நல்ல காப்புறையும் உள்ள கட்டிடத்துக்கு எரிபொருள் செலவு குறைவு என்பது சின்ன கவுண்டியின் வரவு செலவில் பெரிய விஷயம். எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்குப் பசுமை விடை சொன்னது. அங்கேயே கட்ட வேண்டுமா என்ற கேள்விக்கான விடை 1886இலேயே, கயோவா கவுண்டியை மறுபடி உருவாக்கி இந்த ஊரைத் தலைமையிடம் ஆக்கியபோதே எழுதப்பட்டுவிட்டது. பேரிடருக்குப் பிந்திய நகரங்களுக்கு கிரீன்ஸ்பர்க்கை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் இந்த இரண்டாவதைச் சொல்லாமல் விடுவதால், தலைமையிடமல்லாத ஓர் ஊர் அதே காற்றாலையை நட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கும் ஆபத்து இருக்கிறது.

என் கருத்திலும் ஒரு பலவீனம் உண்டு என்பதால் அதையும் எழுதுகிறேன். குதிரை வண்டிக் காலத்து அளவில் வகுத்த 105 கவுண்டிகள், நெடுஞ்சாலையில் மணிக்கு எழுபது மைல் ஓடும் காலத்தில் எதற்கு என்ற கேள்வி மாநிலத் தலைநகரான டொபீகாவில் அவ்வப்போது எழுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒரு கருவூலர், ஒரு ஷெரிஃப், ஒரு வழக்குரைஞர் என்பதைச் சிக்கனவாதிகளால் சகிக்க முடிவதில்லை; அவர்கள் காட்டும் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. கயோவா கவுண்டியையும் பிராட் கவுண்டியையும் என்றைக்காவது இணைத்தால் தலைமையிடம் எங்கே போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அன்றைக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் என்ன ஆகும் என்பதை ரவானாவையும் எமினென்ஸையும் வைத்து ஊகிக்கலாம். இந்த ஊருக்கு இன்னொரு ஆபத்து வருமென்றால் அது வானத்திலிருந்து வருவதைவிடச் சட்டமன்றத்திலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு எச்சரிக்கைச் சங்கு ஊத மாட்டார்கள்.

54ஆம் நெடுஞ்சாலையில் டாட்ஜ் சிட்டி பக்கமாகப் போகிறவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்: கிணற்றில் இறங்கிப் பாருங்கள், விண்கல்லைத் தொட்டுப் பாருங்கள், ஆனால் சனி, ஞாயிறு போகாதீர்கள். சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் வார இறுதியில் வந்து, பூட்டிய கவுண்டிக் கட்டிடத்தைத் தாண்டிக் காற்றாலைகளைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அது திறந்திருக்கும்; உள்ளே போக நுழைவுக் கட்டணம் கிடையாது.